தானாக நின்ற வீடு

எதைச் சொன்னாலும் தலையசைக்கும் அவைத் தலைவர் அவர்களே! பழமையைக் காக்கப் புதிதாய்ப் புறப்பட்டிருக்கும் பாதுகாப்புக் குழுவினரே! முன்வரிசைப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! இந்த வீட்டில் முப்பது ஆண்டுகளாகப் புத்தகம் பைண்டிங் செய்பவளின் வணக்கம்.

இவ்வீட்டின் வரலாற்றைக் குழு பதித்த புதுக் கல்வெட்டில் படித்தேன்; புல்லரித்துப் போனேன்! பெரிய மனிதர் ஒருவர் இங்கே தங்கினாராம். எவ்வளவு நேரம்? மழைக்கு ஒதுங்கிய நேரம்! மழை விடவில்லை, என் மாமனாரின் குடையோடு கிளம்பினார். குடை இன்றுவரை திரும்பவில்லை. கல்வெட்டில் அவர் இருக்கிறார். குடை இருக்கிறதா? குடை கொடுத்தவர் இருக்கிறாரா?

இன்னொரு வரி: "நூற்றைம்பது ஆண்டுகளாகத் தானாகவே தலைநிமிர்ந்து நிற்கும் மாளிகை." தானாகவே! பின்வரிசையில் சிரிக்கும் மெக்கானிக் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கூடத்து உத்திரம் விரிசல் விட்டது. "முட்டுக் கொடுக்கலன்னா கூரை உங்க தலையிலதாம்மா" என்றார் கொத்தனார். புத்தகங்களை இறுக்கும் இரும்பு பிரஸ்ஸை அடியில் நகர்த்தி, அதன்மேல் கட்டையை நிறுத்தி, ஆப்படித்து இறுக்கினார் என் கணவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரஸ் நின்றது, வீடு நின்றது, நானும் நின்றேன்.

குழு வந்தது. பாரம்பரிய வீட்டில் பட்டறை கூடாதாம். மாதக் கடைசிக்குள் நான் காலி செய்ய வேண்டுமாம்! "ஐயா, பிரஸ்ஸைத் தொடாதீங்க, அதுதான் வீட்டையே தாங்குது" என்றேன். "மெஷினை விட மனசில்ல, அதுக்கு இப்படி ஒரு கதையா?" என்றார் அறிவுக்கடலாம் செயலாளர். நேற்று நான் வெளியே போன நேரம் பார்த்து, மேடை போட அதை முற்றத்துக்குத் தள்ளிவிட்டார். திரும்பி வந்தால், என் பாய் முழுக்க உதிர்ந்த காரை! முப்பது வருஷம் நான் உட்கார்ந்த இடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பயப்படாதீர்கள் தாய்மார்களே! இன்று விடிந்ததும் மெக்கானிக் அண்ணனும் கொத்தனாரும் அதை மறுபடி நிறுத்திவிட்டார்கள். எங்கே என்கிறீர்களா? தலைவர் அவர்களே, நீங்கள் முழங்கை ஊன்றியிருக்கும் மேசையின் துணியைத் தூக்குங்கள். அந்த மேசைதான் பிரஸ்! அதன்மேல் பூச்சுற்றி ஒரு தூண் நிற்கிறதே, அதுதான் கட்டை. செயலாளர் ஐயா, அலங்காரம் அருமை என்று பாராட்டினீர்களே, நன்றி! இப்போதே அகற்றலாம், நாங்கள் தெருவில் போய் நிற்கிறோம்.

என்ன தலைவரே? "வேணாம்மா, வேணாம்! அது அங்கேயே இருக்கட்டும்!" மைக்கில் விழுந்துவிட்டது, ஊரே கேட்டது. பிரஸ் இருக்கும் இடத்தில் பைண்டிங் இருக்கும். பைண்டிங் இருக்கும் இடத்தில் நான் இருப்பேன்.

இருக்கச் சொன்ன தலைவருக்கு நன்றி. சாட்சியாய் அமர்ந்த உங்களுக்கு வணக்கம். கைதட்டலாம், கூரை தாங்கும்!