மலை இறக்கத்தில் கேட்ட மணி

விளக்கு வைக்கிற நேரம். ஜவ்வாது மலையிலிருந்து போளூர்ப் பக்கம் இறங்குகிற ரோடு. காலையில்தான் மழை விட்டிருந்தது. ஆள் இல்லை, வண்டி இல்லை... இரண்டு சைக்கிள் மட்டும்.

இருங்கள். இதற்குமேல் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கொட்டகைக்கு வெளியே உங்கள் சைக்கிள்கள் நிற்கின்றன அல்லவா, அந்த மணிகள்மேல் ஆளுக்கொரு துணியைச் சுற்றிவிட்டு வாருங்கள். தங்கராசு, சிரிக்காதே. நீ சிரிக்கிற காற்றில் லாந்தர் அணைகிறது.

"ஏம்பா, மணிக்கு இன்னா குளுருதா?"

கேட்டுக்கொள். மரக்காணத்தில் மணியில்லாத சைக்கிள் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். எதிரே ஆள் வந்தால் வாயாலேயே "ட்ரிங், ட்ரிங்" என்று சொல்லிக்கொண்டு போகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்து பதிலுக்கு "பாம், பாம்" என்கின்றன. மானத்தைக் கழற்றி மூலையில் வைத்து ஒரு வருஷமாகிறது, மணியோடு சேர்த்து. ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாளைக்கு நீங்கள் எல்லோரும் செஞ்சி மலைக்குச் சைக்கிளில் கிளம்புகிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

நம் இருசப்பனின் பெரியப்பா மகன் கலியண்ணனுக்கு நடந்தது இது. இருசப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் இன்றைக்கு வராததும் நல்லதுதான்.

கலியண்ணனுக்கு உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. ஐப்பசி வந்தால் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் முழுகிவிடும், யாருக்கும் வேலை கிடையாது. மற்றவர்கள் சீட்டாடுவார்கள். நான் தூங்குவேன். கலியண்ணன் சைக்கிளை எடுத்துவிடுவார். ஒரு வருஷம் பெருமுக்கல், ஒரு வருஷம் செஞ்சி, ஒரு வருஷம் திருவண்ணாமலை. பஸ் ஏறச் சொன்னால் கோபம் வரும். "பஸ்ஸுல போனா ஜன்னலைத்தான் பாக்கலாம். ஊரை எங்கடா பாக்கறது?" என்பார்.

போன வருஷம், இரண்டாயிரத்தைந்து, எப்பேர்ப்பட்ட மழை என்று உங்களுக்கே தெரியும். நடுவில் கொஞ்சம் வெறித்தது. கலியண்ணன் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினார். "மாமா, நானும் வர்றேன். நான் மலையே ஏறினதில்ல" என்று மச்சினன் திருமுருகனும் ஒட்டிக்கொண்டான். இருபது வயசு. அப்பா அம்மா இல்லாத பிள்ளை. அக்கா பாக்கியலட்சுமி, அதாவது கலியண்ணன் சம்சாரம், வளர்த்த பிள்ளை. புளிச்சோறு கட்டிக் கொடுக்கும்போது அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்.

"கூட்டினு போறே. அதேமாரி கூட்டினு வந்துடு."

அவ்வளவுதான்.

இங்கே உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பு வார விடியுமுன் போகும்போது கரைமேல் வரிசையாகச் சைக்கிளில் போகிறோம். இரண்டு பக்கமும் பாத்தி, நடுவில் ஒரு முழ அகலக் கரை, வெளிச்சம் கிடையாது. கடல் காற்றில் குரல் நிற்காது. அதனால் முன்னால் போகிறவன் மணியை இரண்டு தடவை அடிப்பான். கடைசியில் வருகிறவன் ஒரு தடவை அடிப்பான். பதில் வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள், போய்க்கொண்டே இருக்கலாம். பதில் வராவிட்டால் யாரோ விழுந்துவிட்டான்; வரிசை அங்கேயே நிற்க வேண்டும். பதில் வருகிறவரை நகரக் கூடாது.

அப்பனுக்கும் பாட்டனுக்கும் உயிர் காத்த சட்டம் அது. சமதரையில்.

திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடையில் காற்றடிக்க நின்றார்கள். கடைக்காரர் இரண்டு வண்டியையும் பார்த்துத் திகைத்துவிட்டார். நம் ஊர் வழக்கம்தான்... முன் பிரேக் உப்பில் துருப்பிடித்து இறுகிவிடும் என்று கழற்றிப் போட்டுவிடுவோம். அவசரத்துக்குக் கால் இருக்கிறது.

"முன் பிரேக் இல்லாம மலைக்கா போறீங்க?"

"எங்க ஊர்ல மேடுன்னா உப்பு அம்பாரம்தாங்க. அதுமேல யாரும் சைக்கிள் ஓட்டறதில்ல" என்றான் திருமுருகன். கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

கலியண்ணன் யோசித்தார். யோசித்து, தன் வண்டிக்கு ஒரு புது மணி வாங்கி மாட்டினார். பித்தளை. தொட்டால் கணீரென்று கால் மைல் கேட்கும். திருமுருகனுடையது பழைய மணி. மூடியை உப்பு பாதி தின்றிருந்தது. "ட்ர்ர்... க்" என்று தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம். ஆயிரம் மணியில் அதைத் தனியாகச் சொல்லிவிடலாம். இருமல் மணி என்று அக்கா கேலி பண்ணுவாராம்.

மலை ஏறும்போது முக்கால்வாசித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். மேலே ஒரு நாள் தங்கினார்கள். பையனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மேகத்தைக் கையால் பிடித்துப் பார்த்தானாம்.

இறங்கக் கிளம்பும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. மூடுபனி. கலியண்ணன் சொன்னார்: "நான் முன்னாடி போறேன். நீ எம்மணிக்குப் பதில் குடுத்துனே வா. அது போதும்."

இறங்கினார்கள். முதல் வளைவு. கலியண்ணன் இரண்டு அடித்தார்.

ட்ர்ர்... க்.

வேகம் கூடியது. பின் பிரேக் கட்டை தேய்ந்து ரப்பர் கருகுகிற நாற்றம். செருப்புக் காலை ரோட்டில் இழுத்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்க்க வழியில்லை, திரும்பினால் பள்ளம்தான். வளைவு வந்தது. இரண்டு அடித்தார்.

ட்ர்ர்... க்.

அடுத்த வளைவு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் பதில் வந்தது. பாதி மலையில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. தான் வேகமாகப் போனாலும், மெதுவாகப் போனாலும், அந்த மணி ஒரே தூரத்தில் கேட்கிறது.

ஒரு திருப்பத்தில் காலை ஊன்றி நின்றார். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. சைக்கிள் செயின் சத்தம்கூட இல்லை.

"டேய் முருகா!"

பதில் இல்லை. இரண்டு அடித்தார்.

ட்ர்ர்... க்.

"செயின் கழண்டுக்கிச்சா? வாடா மாப்ளே, இருட்டுது!"

ட்ர்ர்... க்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய் தங்கராசு? நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், அது வேறு. ஆனால் மணி கேட்கிறதே. மணி கேட்டால் ஆள் இருக்கிறான். போகலாம். இருபது வருஷம் கரைமேல் ஓட்டிய கால் அது... தானாக மிதித்தது.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. நிறுத்தினார். மறுபடி இரண்டு அடித்தார். மேலே, பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"கூட ஆளு வர்றாருங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"மச்சினன்."

"கேக்குது, கேக்குது. இதோ வந்துட்டாரு" என்று இரண்டாவது டம்ளரை எடுத்துக் கழுவினார். ஆமாம், அவருக்கும் கேட்டது.

டீ ஆறி ஆடை கட்டியது. அப்போது மேலிருந்து ஒரு விளக்கு வந்தது. பால் கேன் கட்டின மொபெட். ஓட்டி வந்தவர் இறங்காமலே மேலே கையைக் காட்டினார்.

"மேல... உச்சிக்கிட்ட, எறங்கறப்ப மொத வளைவு தாண்டினதும்... ஒரு பையன், சைக்கிளோட பாறையில மோதிக் கெடக்கறான். ரொம்ப நேரமாக் கெடந்திருப்பான் போல. மூச்சு இருந்துச்சுங்க. தண்ணி கேட்டான். ஊத்தறதுக்குள்ள..."

கலியண்ணன் சொன்னாராம்: "இல்லீங்க. அது வேற யாரோ. எம்மச்சினன் பின்னாலயே வர்றான். இப்பக்கூட மணி அடிச்சான்."

"அந்த வண்டியில மணி இல்லீங்க. மூடி பிச்சுக்கிச்சு. அவன் கையில கெட்டியாப் புடிச்சினு இருக்கான்."

யாருடைய கையும் எந்த மணிமேலும் இல்லை. அப்போது பனிக்குள்ளிருந்து, கிட்டத்தில்...

ட்ர்ர்... க். ட்ர்ர்... க்.

இரண்டு தடவை.

பதில் அல்ல அது. முன்னால் போகிறவன் கேட்கிற கேள்வி. கலியண்ணனின் கட்டைவிரல் புது மணிக்குப் போனது. கடைசி நிமிஷத்தில் டீக்கடைக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் பிடித்தோம் என்று அவருக்கே தெரியாதாம்.

வேன் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாள் கணக்கில் மிதித்துப் போன தூரம் ஒரு ராத்திரியில் முடிந்துவிட்டது. பாக்கியலட்சுமி அண்ணி அழவில்லை. "கூட்டினு வந்துட்டே" என்று மட்டும் சொன்னார். கலியண்ணன் அன்றைக்குக் குனிந்த தலைதான். பையனின் விரல்களைப் பிரித்து மூடியை எடுக்க எவ்வளவோ பார்த்தார்கள், முடியவில்லை. மூடியோடுதான் புதைத்தார்கள். கலியண்ணனின் சைக்கிளை வாசல் சுவரில் சாய்த்ததோடு சரி. பிறகு அவர் தொடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு மறுபடி மழை பிடித்தது. விளக்கு வைக்கிற நேரம். உப்பளத்துக் கரைப் பக்கமிருந்து இரண்டு தடவை கேட்டது.

இருமல் மணி.

மழைக்குள் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. கலியண்ணன் கதவைச் சாத்தினார். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அதே இடம், ஓர் அடி கிட்டே வரவில்லை, ஓர் அடி தள்ளிப் போகவில்லை.

அண்ணிதான் கடைசியில் கேட்டார். "பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். அதான சட்டம்?"

"நீ சும்மா இரு."

"எத்தினி நாளா நிக்கிறான்யா எந்தம்பி. மழையில."

"பாக்கியம், வேணாம்..."

அண்ணி எழுந்து போய் வாசலில் சாய்த்திருந்த சைக்கிளின் மணியை ஒரு தடவை அடித்தார். ஒரே ஒரு தடவை. கணீரென்று கேட்டது.

அன்று ராத்திரி சத்தமே இல்லை. இருவரும் தூங்கினார்கள். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினோம் என்று கலியண்ணன் இருசப்பனிடம் சொல்லியிருக்கிறார்.

விடிந்து பார்த்தால் பக்கத்தில் அண்ணி இல்லை. வாசலில் சைக்கிளும் இல்லை.

இருசப்பனும் கூடப் போய்த் தேடினான். அவன் கண்ணால் பார்த்தது இது. கரைச் சேற்றில் ஒரே ஒரு சைக்கிளின் தடம். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. தள்ளிக்கொண்டு போயிருந்தால் பக்கத்தில் காலடி இருக்க வேண்டும், இல்லை. மழையில் கரை உடைந்து, மாட்டுவண்டி அகலத்துக்குத் தண்ணீர் ஓடுகிற இடம் வருகிறது. தடம் இந்த ஓரம் வரைக்கும் இருக்கிறது. அந்த ஓரத்திலிருந்து மறுபடி தொடங்கி மேற்கே போகிறது, மலை இருக்கிற திசைக்கு.

அண்ணிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வலை போட்டார்கள், போலீஸுக்குச் சொன்னார்கள். கிடைக்கவில்லை.

கலியண்ணன் அதே வீட்டில்தான் இருக்கிறார். விளக்கு வைக்கிற நேரத்தில் போனால், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரே ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கரைப் பக்கமிருந்து இருமல் மணி இரண்டு தடவை. கொஞ்சம் இடைவெளி. பின்னாலேயே பித்தளை மணி, கணீரென்று ஒரு தடவை. வீட்டுக்கு வந்ததும் என் மணியைக் கழற்றிவிட்டேன்.

போன வாரம் வரைக்கும் அப்படித்தான் கேட்டதாம். இந்த வாரம் பித்தளை மணியும் இரண்டு தடவை அடித்துவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது என்கிறான் இருசப்பன்.