வாவியெல்லாம் சரிகை

— தேத்தண்ணிய ஆறவிடாதீங்க. தோணிய விக்கிறதெண்டாலும் குடிச்சிப்போட்டுப் போய் வில்லுங்க.

— பகிடி விடாத தங்கேசு. கதிரவெளியில ஒருத்தன் கேட்டிருக்கான். நாளைக்கு வந்து தோணியப் பாக்கச் சொல்லிட்டன்.

— என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காமலா?

— கேட்டா நீ விடுவியா?

— விடன். கலியாணம் முடிச்ச நாளையில இருந்து வாவிய விட்டா வேற திசை தெரியாத மனிசன் நீங்க. தோணிய வித்துப்போட்டு என்ன, வாசல்ல குந்தியிருந்து கோழி பாக்கவா? என்ன நடந்த எண்டு சொல்லுங்க.

— வாவியில எல்லாரும் வலைத்தடிக்குச் சரிகை கட்டியிருக்கானுகள் புள்ள. கிறிஸ்மஸ் மரத்தில சுத்துவாங்களே, தேர்ல தொங்கவிடுவாங்களே, அந்த மினுங்கல் சரிகை. ஹலீம் காக்காட தடியில வெள்ளி, பக்கத்து வலைக்காரன் நிலோஜன்ட தடியில சிவப்பு. விடியமுதல் வெள்ளாப்பில டோச் அடிச்சா வாவி கலியாண வீடு மாதிரிக் கிடக்கு.

— வடிவாத்தானே இரிக்கும்.

— என்ன வடிவு? வட்டையில நெல்லுக்கு வாற குருவி கலைக்கக் கட்டுவாங்க, கண்டிருக்கன். மாப்பிள்ளைட காருக்கும் கட்டுவாங்க, செத்தவன்ட பாடைக்கும் கட்டுவாங்க. வலைத்தடிக்கு ஆரும் கட்டுவானா? நிலோஜனிட்டக் கேட்டன். நீர்க்காகம் வராதாம்.

— இரிக்கலாம்.

— மண்ணாங்கட்டி. நீர்க்காகம் அந்தச் சரிகைக்கு மேலயே குந்தியிருந்து செட்டை காயவைக்கிது. அவனுக்கு ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது.

— சரி, அவங்க சரிகை கட்டினா நீங்க ஏன் தோணிய விக்கணும்?

— என்ட தடியில மட்டும் இல்ல தங்கேசு. அத்தின பேரும் கட்டினவனுகள், எனக்கு ஒரு துண்டு தரல்ல. மத்தவனுகள விடு. ஹலீம் காக்கா? அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு பேரும் தோள் குடுத்துத் தோணி இறக்கின ஆக்கள். நோம்புக்கு அவர்ட வீட்டுக் கஞ்சி நம்மட வீட்டுக்கு வராத வருசம் இரிக்கா? அவரும் வாயத் துறக்கல்ல. என்ன ஒதுக்கிட்டானுகள். மனசு கிடந்து வேகுது.

— விசர்க்கதை கதைக்காதீங்க. ஆர் உங்கள ஒதுக்குற?

— ஒதுக்குறதுக்கும் ஒரு காரணம் வேணுமே. நான் ஆருக்கு என்ன செஞ்சன்? ஒருத்தன்ட மீனில கை வெச்சிருக்கனா?

— வெச்சீங்க.

— என்ன சொன்னாய்?

— கோவிக்காமக் கேளுங்க. மாரி தொடங்கின கையோட ஒரு நாள் கூடை நிறையக் குஞ்சு மணலை மீன் கொண்டு வந்தீங்க. நம்மடது கொடுவா வலை, பெரிய கண். அதில குஞ்சு மணலை நிக்குமா? மீன் வெட்டக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு, நீங்க வேற ஆர்டயோ வலைய இழுத்துட்டீங்க எண்டு.

— அது ஆர்ட வலை?

— ஹலீம் காக்காட. பின்னேரமே அவர்ட வீட்ட ஓடினன். அவருக்கு முதலே தெரிஞ்சிரிக்கி. "அழாத தங்கச்சி. அழகரத்தினம் களவெடுக்கிறவன் இல்ல, அவனுக்குக் கண் மங்குது. இதச் சொன்னா அவன் மறுகா வாவிப் பக்கமே வரமாட்டான்" எண்டார்.

— என்ட கண்ணுக்கு ஒண்டுமில்ல.

— ஓம் ஓம். உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் இடம் மாத்தாம நான் பொத்திப் பொத்தி வெக்கிறது சும்மாதானே?

— நீயும் தெரிஞ்சுகொண்டா இரிந்தாய்?

— கூடக் கிடக்கிறவளுக்குத் தெரியாம ஆருக்குத் தெரியும்? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டா கண்ணக் கிழிக்க விடமாட்டன் எண்டு சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்திருவீங்க எண்டும் தெரியும்.

— பயம் புள்ள. உள்ளதும் போயிட்டா உன்ட முகத்தையும் பாக்கேலாது.

— அந்தப் பயம் எனக்கும்தான். ரெண்டு பேரும் சேந்து போய்ப் பயப்பிடுவம்.

— அதுக்கு ஹலீம் காக்கா என்ட தடியிலயெல்லோ சரிகை கட்டியிருக்கணும்? டோச் வெளிச்சத்தில தூரத்திலயே கண்டிருப்பனே.

— நானும் அதத்தான் சொன்னன். கோலாட்டப் புள்ளையள்ட சட்டையில வெச்சுத் தைக்க வாங்கின மினுங்கல் சரிகையில ஒரு முழம் வெட்டி அவர்ட கையில குடுத்தன். இது காணாது, முழுக்கத் தா எண்டு கேட்டார்.

— முழுக்கவா? என்னத்துக்கு?

— "அவன்ட தடியில மட்டும் கட்டினா, கண் தெரியாதவன்ட தடி எண்டு வாற போற ஆக்களெல்லாம் காட்டுவானுகள் தங்கச்சி. நாங்க எல்லாரும் எங்கட தடியில கட்டுறம். மினுங்காம நிக்கிறது தன்டது எண்டு அவன் நேராப் போயிருவான்" எண்டார்.