கட்டிலுக்கு அடியில் மூணு செங்கல்

இவ்வளவு நேரம் சட்டம் பேசினேன், பாதிப் பேரு கொட்டாவி விடுறீங்க... சரி, ஒரு குட்டிக் கதை சொல்றேன், கொஞ்சம் நிமிந்து உக்காருங்க.

ஒரு ஊர்ல மூணு பிளாக் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீடு கட்டுற பில்டர் நகராட்சிக்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்டணும் இல்லையா? கட்டிட்டார். யார் தலையில? ஃபிளாட் வாங்கினவங்க தலையில! அவங்க சங்கச் செயலாளர் வரதராஜுலு. நல்ல மனுஷன்தான்... மூக்கு மேல கோபம்.

நகராட்சித் தலைவி ஜெசிந்தா அம்மா முன்னாடி போய் நின்னார். "எங்க வாசல்ல பூங்கா கேட்டோமே, அந்தப் பணத்தை என்னம்மா பண்ணீங்க?"

"பள்ளத் தெருவுல மழைநீர் வடிகால் போடறோம் சார்."

"பள்ளத் தெருவா? அவங்களுக்கும் எங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அந்தம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள எந்திரிச்சுட்டார். போட்டோ எடுத்துக் கலெக்டருக்கு அனுப்பறேன்னு நேரா பள்ளத் தெருவுக்கே போயிட்டார்.

பாதி தோண்டின வடிகாலைப் போட்டோ எடுக்கறார். எதிர் வீட்டுலேந்து பூங்காவனம்னு ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க. "யாரு சார்?"

விறைப்பா சொன்னார்: "மேல, புது ஃபிளாட்டு. எங்க காசுலதான் இது நடக்குது!"

அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா?... கையெடுத்துக் கும்பிட்டாங்க. "நீங்களா சார்! உள்ள வாங்க, எங்க மாமாவை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

உள்ள... வாதம் வந்த மாமனார் கட்டில்ல கிடக்கார். கட்டில் கால் ஒவ்வொண்ணுக்கும் அடியில மூணு செங்கல்.

"என்னம்மா இது?"

"முன்னெல்லாம் மழைத் தண்ணி உங்க இடத்துலயே தேங்கிடும் சார். அப்ப அது வெறும் பள்ளம். மேடாக்கிக் கட்டடம் வந்ததும் இங்க இறங்குது. முதல் பிளாக் வந்தப்ப ஒரு செங்கல் வச்சோம். அடுத்ததுக்கு இன்னொண்ணு... போன மழைக்கு மூணாவது. இதுக்கு மேல ஏத்தினா கட்டில் நிக்காது சார். நல்லவேளை, நீங்க காசு குடுத்தீங்க!"

குத்திக் காட்டலைங்க... நிஜமாவே நன்றி சொன்னாங்க.

மறுநாள் ஜெசிந்தா அம்மா முன்னாடி மறுபடியும் நின்னார். அதே கோபம்! "ஐப்பசி வந்துடும்மா... வேலை ஏன் இவ்ளோ மெதுவா நடக்குது?"

என் அன்பான சங்கத்துக்காரங்களே! காசு எங்க போச்சுன்னு நகராட்சியைக் கேளுங்க. விடாம கேளுங்க, அது உங்க உரிமை. ஆனா நம்ம வாசல் தண்ணி யார் வீட்டுக்குள்ள போகுதுன்னும் ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்க. அதுக்குத்தாங்க அந்தக் கட்டணமே வாங்கறாங்க. பூங்காவனம் நம்மளைக் கும்பிட்டாங்க... சொல்லுங்க, கும்பிட வேண்டியது அவங்களா, நாமளா?