மேனேஜரம்மாவின் தொண்ணூற்றாறு பற்கள்

சலவை இயந்திரத்தின் பின்பக்கம் தூசு சேர்வதை யாராலும் தடுக்க முடியாது. ஈரமும் நூல்பிசிறும் சோப்புத் தூளும் சேர்ந்து களிம்புபோல் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இயந்திரத்தை நகர்த்தித் துடைப்பது நல்லது. நான் அதைத் துடைக்கப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது, டாக்டர்.

எங்கள் கோழிக்கு நீங்கள் மூன்று முறை ரத்தம் எடுத்தீர்கள். மூன்று முறையும் சீட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினீர்கள். மூன்றாவது முறை எழுதும்போது உங்கள் பேனா சற்றுத் தயங்கியதைக் கவனித்தேன். காரணம் எனக்குத் தெரியும். அதை உங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி என் மனைவியின் உத்தரவு. ஒன்றுவிடாமல், வரிசையாகச் சொல்கிறேன்.

நான் டைமர் மெக்கானிக். சலவை இயந்திரம், ரொட்டி அடுப்பு, வாட்டர் ஹீட்டர் என்று எதற்குள்ளெல்லாம் நேரம் ஓடுகிறதோ அதெல்லாம் என் மேசைக்கு வரும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மனைவி ஒரு ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிறாள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குத் திரும்புவாள். ஒரு நாள் அந்தக் கடை வாசலிலிருந்து ஒரு கோழி அவள் பின்னாலேயே வந்து, மூன்று மாடியும் ஏறி, எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஒரு நடை. ஒற்றைக் கண்ணால் ஆளை அளக்கும் ஒரு பார்வை. கடை மேனேஜரை அப்படியே உரித்து வைத்திருந்தது. அதனால் மேனேஜரம்மா.

சலவை அறையை அதற்கு ஒதுக்கினோம். பக்கத்துக் கட்டடம் எழும்பிய பிறகு அந்த அறையில் வெயில் படுவதில்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு கை தூரத்தில் சுவர். அதனால் நான் ஒரு விளக்கும் டைமரும் பொருத்தினேன்.

கோழி நாளை எப்படி அளக்கிறது என்பது அழகான விஷயம். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வெளிச்சம் அதன் கண் வழியாக மட்டும் போவதில்லை. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி நேராக மூளைக்கும் போகிறது. உள்ளே ஒரு சின்ன இடம் இன்றைய நாள் எவ்வளவு நீளம் என்று கணக்குப் பார்க்கிறது. நாள் நீளமாக இருந்தால் முட்டை இடு என்று உத்தரவு. நாள் சட்டென்று சுருங்கினால் குளிர்காலம் வந்துவிட்டது, முட்டையை நிறுத்து, பழைய இறகைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடு என்று உத்தரவு.

எங்கள் டைமர் பழைய மாதிரி. வட்டத் தட்டு, ஓரத்தில் தொண்ணூற்றாறு பற்கள், ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். அமுக்கிய பல் வரும்போது விளக்கு எரியும், தூக்கிய பல் வரும்போது அணையும். காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பதுவரை பதினாறு மணி நேரம், அதாவது அறுபத்து நாலு பற்களை அமுக்கி வைத்திருந்தேன். மற்ற கோழிகளுக்குப் பல் கிடையாது. எங்கள் கோழிக்குத் தொண்ணூற்றாறு. ஒவ்வொன்றையும் நான்தான் பராமரித்தேன்.

இந்த நிலையில் என் மச்சினி போன் செய்தாள். ஒன்பது மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறாள். சொந்தமாக ஒரு ரொட்டிக்கடை ஆரம்பித்திருந்தாள்.

“அக்கா, அடுப்பு வந்து இறங்கிடுச்சு. நீ வந்து நின்னாதான் பத்தவைப்பேன். பங்கு பாதிப் பாதி.”

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் அடுப்பில் வெந்தவள் என் மனைவி. அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்பதை விவரிக்க என்னிடம் கருவி இல்லை. அப்போதே பெட்டியை எடுத்துத் தூசு தட்டினாள்.

“நீங்களும் வாங்களேன். அங்க மட்டும் மெஷின் ரிப்பேர் ஆகாதா என்ன?” என்றாள்.

யோசிக்கலாம் என்றேன். ஒன்றரை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு யோசிப்பது என் வழக்கமல்ல.

அந்த வாரம்தான் நான் துடைக்கப் போனது. டைமரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதில் அமுக்கியிருந்த பற்களில் பாதி தூக்கிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. மதியம் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மட்டுமே விளக்கு எரிந்தது. மூன்றாவது வாரம் மேனேஜரம்மாவின் கொண்டை வெளுத்தது. முட்டை நின்றது. கழுத்திலிருந்து கொத்துக் கொத்தாக இறகு உதிர்ந்து, தலையணை கிழிந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தோம்.

“வெளிச்சத்துல ஏதாவது மாத்தினீங்களா?” என்று அன்றே கேட்டீர்கள். சரியான கேள்வி.

“இல்ல டாக்டர், பதினாறு மணி நேரம் எரியுது. இவர் டைமர் போட்டிருக்காரு” என்றாள் மனைவி. நான் தலையாட்டினேன். அப்போது அது உண்மை என்றே நினைத்தேன்.

ரயிலில் கோழியைக் கொண்டுபோக உங்கள் சான்று வேண்டும். இறகு கொட்டிய கோழிக்கு யார் சான்று தருவார்கள்? பயணத்தை ரத்து செய்தாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்று நான் சொன்னேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

“நீங்களா? அதுக்கு உடம்பு சரியில்லன்னா பக்கத்துல உக்காந்து பேசணும். நீங்க பாடம் நடத்துவீங்க. பாதிப் பாடத்துலயே அது செத்துப்போயிடும்” என்றாள்.

அடுத்த சில வாரங்கள் அவள் மாலை முழுதும் சலவை அறையில்தான் இருந்தாள். நானும் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். கொண்டை ஏன் வெளுக்கிறது, தீவனம் ஏன் இறங்கவில்லை, புது இறகு எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் விளக்கினேன். வழக்கமாக என் இரண்டாவது வாக்கியத்திலேயே “சுருக்கமா சொல்லுங்க” என்பாள். அந்த நாட்களில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கோழி மெலிந்தது. நான் இரண்டு கிலோ கூடினேன்.

அப்படி உட்கார ஆரம்பித்த நாலாவது வாரம் பல்பு மாற்றும்போது பற்களைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. சரி செய்தேன். இரண்டு மாதத்தில் மேனேஜரம்மா புதுச் சட்டை போட்டதுபோல் பளபளவென்று நின்றாள். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. பயணம் ரத்தான பிறகு சொன்னால் அவள் மனம் கஷ்டப்படும். தவிர, எனக்கே உறுதியாகத் தெரியாது. ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம். காரணம் என்று சொல்ல வேண்டுமானால் இன்னொரு தடவை நடக்க வேண்டும்.

மனைவி மறுபடி பயணத்துக்குத் தேதி குறித்தாள். அதற்கு இருபது நாள் முன்னால் நான் முப்பத்திரண்டு பற்களைத் தூக்கிவிட்டேன். ஏன் அந்தத் தேதி என்று அவள் பிற்பாடு கேட்டாள். காலண்டரில் ஏற்கெனவே வட்டம் போட்டிருந்தது, நாள் எண்ண வசதியாக இருந்தது என்று சொன்னேன். நிஜமாகவே வசதியாகத்தான் இருந்தது.

அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் யோசிக்கலாம். அவள் வீட்டில் விழித்திருக்கும் நேரமெல்லாம் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். விடுமுறை நாளிலும் மதியம்வரை தூங்குவாள். உழைக்கிறவள் தூங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது முறையும் நீங்கள் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அதே தலை.

முடிவு துல்லியமாக இருந்தது. இருந்தாலும் இரண்டு முறையோடு நிறுத்துவது அரைகுறை வேலை. மச்சினி மூன்றாவது முறை கூப்பிட்டபோது மறுபடி பற்களைத் தூக்கி, முடிவை உறுதி செய்துகொண்டேன்.

மூன்றாவது முறையும் பயணம் ரத்தானதும் மச்சினி போனில் பேசிக்கொண்டிருக்கவில்லை. நேரே வந்துவிட்டாள். கோழியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சலவை இயந்திரத்துக்குப் பின்னால் தலையை நீட்டினாள்.

“மாமா, இதுல முப்பத்திரண்டு பல்லுதான் இறங்கியிருக்கு.”

“எண்ணிப் பார்த்தியா?”

“எதுக்கு எண்ணணும்? அக்காவுக்குக் காத்திருந்து அலுத்து நானே பத்தவெச்ச அடுப்புலயும் இதே டைமர்தான், நீங்க அனுப்பினதுதான். ஒரு பல்லு தப்பினா ஒரு தட்டு ரொட்டி கரி. பார்த்தாலே தெரியும்.”

அவள் டைமரைக் கழற்றி மூடியைத் திறந்தாள். இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கருவியைத் திறந்த மெக்கானிக், என்றைக்குத் திறந்தான், என்ன செய்தான் என்பதை மூடியின் உட்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மூடுவான். அடுத்துத் திறப்பவர் குழம்பக் கூடாது என்பதற்காக.

அடுத்துத் திறந்தவள் குழம்பவில்லை. சத்தமாகவே படித்தாள்.

“தேதி போட்டு, ‘துடைத்தேன்.’ அப்புறம் ஒரு தேதி, ‘பற்கள் சரி செய்யப்பட்டன.’ அப்புறம், ‘சோதனை இரண்டு, முப்பத்திரண்டு பற்கள்.’ அப்புறம், ‘சோதனை மூன்று.’ அக்கா, மாமா கையெழுத்து முத்து முத்தா இருக்கு.”

மனைவி கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. தேதிகளை விரல் விட்டு எண்ணினாள்.

“சுருக்கமா சொல்லுங்க” என்றாள்.

அது சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயமல்ல. மண்டையோட்டிலிருந்து ஆரம்பித்தேன். மூளைக்கு வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் சுளுக்கிக்குமா மாமா?” என்றாள் மச்சினி.

நான் யாரையும் தடுக்கிற ஆளில்லை என்று அவளிடம் விளக்கினேன். அவளும் எழுந்து போய்விட்டாள். கோழி மட்டும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் மனைவி ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்தாள்.

“டாக்டரம்மா பாவம், புது நோய்னு நினைச்சு மேலிடத்துக்கெல்லாம் எழுதியிருக்காங்க. நடந்ததை நீங்களே எழுதிக் கொடுங்க. இறகு முளைச்சதும் அவங்க சான்று தரணும், நான் ரயில் ஏறணும்.”

அறுபத்து நாலு பற்களையும் அவளே அமுக்கினாள். இப்போது ஏழு வாரம் ஆகிறது. கொண்டை சிவந்துவிட்டது. நேற்று ஒரு முட்டை. இதுவரை எழுதியதை அவள் படித்துப் பார்த்துவிட்டாள். “எழுத்துப்பிழை ரெண்டு. மத்தபடி உண்மை” என்றாள்.

இந்தக் கடைசித் தாளை மட்டும் அவள் படிக்கவில்லை. இதை உங்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மனைவியும், அவளைக் கூட்டிப்போக மறுபடி வந்திருக்கும் மச்சினியும் வியாழக்கிழமைப் பயணத்துக்குப் புதுக் கூடை வாங்கப் போயிருக்கிறார்கள். மேனேஜரம்மா என் மடியில்தான் இருக்கிறாள்.

டாக்டர், நான் எதையும் மறைக்கவில்லை என்பதை இதற்குள் ஒப்புக்கொள்வீர்கள். அந்த நம்பிக்கையில் ஒன்று சொல்கிறேன். வாலில் ஏழெட்டு இறகு இன்னும் முளைவிடும் பருவத்தில் இருக்கிறது. முளை இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். ரயில் குலுக்கலில் ஒன்று உடைந்தாலும் வலிக்கும். போகிற இடத்து வெளிச்சம் எப்படியோ தெரியாது. மேலும், எட்டு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று, பதினாறு மணி நேரத்தில் என்ன ஆகும் என்றும் பார்த்தாயிற்று. பன்னிரண்டில் என்ன ஆகும் என்பது நம் இருவருக்குமே தெரியாது. இரண்டே மாதம் கொடுத்தால் தெரிந்துவிடும். நான் கோழியின் நன்மைக்காக மட்டுமே கேட்கிறேன்.

சீட்டில் நீளமாக எதுவும் வேண்டாம். ‘காரணம் தெரியவில்லை, பயணம் கூடாது’ என்று போட்டால் போதும்; மூன்று முறை எழுதிய கை, நாலாவது முறை தயங்காது. நான் அவளைப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள்.