முப்பத்தஞ்சு மணி நேரம்

— தனி மெஷின், தனி மெஷின்! மூணாவது தடவையா எழுதி எடுத்துட்டு வந்திருக்கீங்க. வீட்டுக்கு மாப்பிள்ளைன்னா, மேனேஜர் நான் இங்கேயும் தலையாட்டிடணுமா? காரோட கதவைத் திறந்து மூடிப் பாக்கிற மெஷின்லயே பிரேக் குழாயும் ஆடட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?

— கதவு செக்‌ஷன்காரங்க தினமும் மத்தியானம் வந்து குழாயைக் கழட்டிப் போட்டுட்டு அவங்க கதவை மாட்டிடறாங்க மாமா. ரப்பர் குழாயை எண்ணெய் அழுத்தத்தோட முப்பத்தஞ்சு மணி நேரம் நிக்காம ஆட்டணும். நாம தினம் அஞ்சு மணி நேரமா ஏழு நாள் ஆட்டிட்டு, பாஸ்னு எழுதுறோம்.

— ஏழஞ்சு முப்பத்தஞ்சு. எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். உங்க வாத்தியார் வேற ஏதாவது சொன்னாரா?

— கிண்டல் பண்ணாதீங்க. ஏழு மாடியை ஒரே மூச்சுல ஏறுறதும், மாடிக்கு ஒரு நாள் படுத்துத் தூங்கிட்டு ஏறுறதும் ஒண்ணா? நடுவுல குழாய் ஆறிடுது. ஆறின குழாய் பாஸாகாம என்ன செய்யும்?

— அந்த பாஸுக்குக் கீழ இருக்கிற கையெழுத்து யாரோடது?

— என்னோடதுதான்.

— சபாஷ். கையெழுத்துப் போட்டது நீங்க, மெஷின் வாங்கித் தர்றது நானா? இன்னிக்குக் குழாய்க்கு ஒண்ணு, நாளைக்கு ஹாரனுக்கு ஒண்ணு. இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குவீங்க போலிருக்கே.

— இதைப் பாருங்க. நேத்து லீவு, கதவு செக்‌ஷன் வராதுன்னு முந்தாநாள் சாயங்காலமே ஆறு குழாயை மாட்டி, நிறுத்தாம ஓட விட்டுட்டுப் போனேன். இன்னிக்குக் காலையில வந்து பாத்தா நாலு வெடிச்சுக் கிடக்கு.

— ஐயையோ, மேஜை மேல வைக்காதீங்க! எண்ணெய்க் கறை போகவே போகாது. கீழ பேப்பர் விரிச்சு வையுங்க.

— மாமா, இதே குழாயோட நாற்பது வண்டி வெளியே போயாச்சு. மெஷின் மெதுவா வரட்டும். முதல்ல வண்டிகளைத் திரும்பக் கூப்பிடற லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க.

— போட்டா என் நாற்காலி போயிடும். இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க.

— நாற்பதுல ஒண்ணு நீங்க உங்க பொண்ணுக்கு வாங்கிக் குடுத்தது!

— தெரியும்.

— லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்தவ, விடிஞ்சதும் அங்கிருந்தே குழந்தையை ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல கிளம்பிட்டா. பதினோரு தடவை கூப்பிட்டுட்டேன், லைன் கிடைக்கல. அந்த இறக்கம் பூரா பிரேக்கை மிதிச்சு மிதிச்சுத்தான் இறங்கணும். உங்களுக்குப் பதறவே இல்லையா? பெத்தவர்தானே நீங்க?

— உக்காருங்க மாப்பிள்ளை. தண்ணி குடிங்க. அவ அந்த வண்டியில போகல. என் பழைய வண்டியில போயிருக்கா. நேத்தே சாவியை மாத்திக் குடுத்துட்டேன்.

— நேத்தா? குழாய் வெடிச்சதை நான் இன்னிக்குத்தானே பாத்தேன்?

— முதல் குழாய் நேத்து மத்தியானமே போயிடுச்சு. வாட்ச்மேன் எனக்குத்தான் போன் பண்ணினான். மெஷினைத் தொடாதே, நீ எதையும் பாக்கலன்னு சொல்லி வெச்சேன்.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் வாய்ப்பாடு ஒப்பிச்சீங்களா? சீ! நீங்கள்லாம் ஒரு மனுஷனா? சரி, என் பொண்டாட்டி பிள்ளையாவது தப்பிச்சாங்க. அந்த வண்டி உங்க வாசல்லதானே நிக்குது? சாவியைக் குடுங்க, யாரும் தொடாம நான் பூட்டி வெக்கிறேன்.

— அது கிளம்பியாச்சு. காலையில உங்க தம்பி வந்தார். உங்கம்மாவை மலைக்குக் கீழ கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், வண்டி வேணும்னு கேட்டார்.

— குடுத்துட்டீங்களா? மாமா! குடுத்துட்டீங்களா?

— இல்லைன்னா ஏன்னு கேப்பாரே, மாப்பிள்ளை.