ஏத்தியாச்சா?

மாலை மயங்குகிற நேரம். குற்றாலத்திலிருந்து செங்கோட்டை வழியாக இலத்தூருக்குப் போகிற ரோடு. ஆள் நடமாட்டம் இல்லை. ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருக்கிறது… அந்த ரோட்டில் ஒரு மோட்டார் கார் வருகிறது. இஞ்சின் சத்தம் இல்லை. விளக்கு இல்லை. ஈரமண்ணில் சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும்.

இப்போதே ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டால் எப்படி? காருக்கு முன்னால் இரண்டு மாடுகள் இருக்கின்றன. இழுத்துக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

இது நம் சண்முகசுந்தரியின் சித்தி உலகம்மாளுக்கு நடந்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம். அவள் புருஷன் சங்கரபாண்டி பட்டாளத்தில் லாரி பழுது பார்க்கிற வேலையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். குற்றாலத்தில் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பங்களா. அதன் பின்கொட்டகையில் இந்தக் கார் கிடந்தது. யுத்தத்துக்கெல்லாம் ரொம்ப முந்தின மாடல். மேலே கித்தான் கூரை, அதுவும் கந்தல். எப்படியோ பேசி வாங்கிவிட்டான். வீட்டில் வைத்து அதற்கு உயிர் கொடுக்கப் போகிறானாம்.

"அண்ணாச்சி, மாடு திணறுது. பிரேக்கு கிரேக்கு பிடிச்சிருக்கீயளா?" என்றான் மாட்டுக்காரன் சுடலைக்கண்ணு.

"இதுக்குப் பிரேக்கே இல்லலே. ஓட்டு."

"பிரேக்கு இல்லாத வண்டியிலயா மதினிய உக்கார வச்சிருக்கீய?"

உலகம்மாள் சிரித்துவிட்டாள். சங்கரபாண்டி சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மாடுகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அருவியில் குளித்துவரலாம் என்று அவளையும் கூட்டிப்போயிருந்தான். அவன் வந்தபிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற முதல் பயணம்.

அவன் பட்டாளத்துக்குப் போனபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. பெண் பிறந்தது. நடை பழகுகிற வயதில் காய்ச்சலில் இறந்துபோய்விட்டது. செய்தி அவனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் சாடை, எப்படிச் சிரிக்கும், எதற்கு அழும்… ஒன்றுமே. கேட்டால் சொல்லவேண்டும் என்று அவள் எல்லாவற்றையும் உள்ளே பத்திரமாக அடுக்கிவைத்திருந்தாள். கேட்காதவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? அன்றைக்கு அந்த ரோட்டில் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள்.

காருக்குள் ஈரச் சீயக்காய் வாசனை வந்தது. தன் தலைமுடிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டை ஒட்டி வைக்கோல் போடுகிற கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் பட்டறை. சங்கரபாண்டி காரை அக்கக்காகக் கழற்றினான். துருப்பிடித்த போல்ட்டுகளை உலகம்மாள் கொட்டாங்கச்சிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்பாள். ஊறினதைத் தேய்த்துத் துடைத்துக் கொடுப்பாள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அவன் வண்டிக்கு அடியில் கிடப்பான். சோற்றுக்குக் கூப்பிட்டால் வருவான். தின்றுவிட்டுப் போவான்.

வீட்டில் சங்கரபாண்டியின் அக்காள் தங்கபுஷ்பமும் இருந்தாள். தாலி அறுத்துவிட்டுப் பிறந்தவீட்டோடு வந்தவள், வாய் கொஞ்சம் நீளம். "புருசன் பட்டாளத்துல இருந்து வந்துட்டான்னு நீ குளுந்துபோய்க் கிடந்த. அவன் இரும்புகூடயில்லா குடும்பம் நடத்துதான்," என்பாள்.

சீட்டுகளைப் பிரித்துத் தைத்தது உலகம்மாள்தான். அப்போது ஒன்றைப் பார்த்தாள். டிரைவர் சீட்டில் தேய்மானமே இல்லை. அதற்கு இடப்பக்கத்து சீட்டில்தான் பள்ளம்… ஒல்லியான ஒருத்தி ஒரே இடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த மாதிரி. பூட்டின கொட்டகையில், ஓடாத வண்டியில், யார் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்? பழைய நாரையெல்லாம் பிடுங்கிப்போட்டு, புதுத் தேங்காய்நார் திணித்து, இழுத்துத் தைத்தாள். உப்பலாக, அழகாக இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அதே பள்ளம்.

"நாரு அடங்கியிருக்கும்," என்றான் சங்கரபாண்டி.

இஞ்சினை எழுப்பிப் பார்க்கிற நாள் வந்தது. அந்தக் காலத்துக் கார், முன்னால் நின்று ஹேண்டிலை மாட்டிச் சுற்றவேண்டும். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கம்பி உண்டு. இரும்புப் பல்வரிசைமேல் டிக், டிக்கென்று நகரும். சுற்றுகிற நேரத்தில் அது மேலே ஏறியிருக்கவேண்டும். கீழே இருந்தால் இஞ்சினுக்குள் நெருப்பு முந்திக்கொள்ளும், ஹேண்டில் சுற்றுகிறவனையே திருப்பி அடிக்கும்.

"எங்க கேம்புல ஒருத்தனுக்குத் தாடை போச்சு. விடியதுக்குள்ள ஆளும் போயிட்டான்," என்றான். "இதுல விளையாட்டு கிடையாது. பானட் திறந்திருக்கும், நீ என்ன பண்ணுதன்னு எனக்குத் தெரியாது. நான் கேப்பேன். நீ ஏத்திட்டு 'ஆச்சு'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் சுத்துவேன்."

அவள் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. பானட்டுக்கு அப்பாலிருந்து அவன் குரல் வந்தது.

"ஏத்தியாச்சா?"

"நான் இங்கனயில்லா இருக்கேன். மதினிதான் ஏத்தணும்."

"அட கூறுகெட்டவளே, விளக்க இல்ல. கம்பிய!"

சிரித்தான். அவன் வந்தபிறகு அந்த வீட்டில் அவன் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டாள்.

இஞ்சின் எழும்பவில்லை. மறுநாளும் எழும்பவில்லை. நாள் முழுக்க எதையாவது கழற்றிப் பூட்டுவான். பொழுது சாய்ந்ததும் கூப்பிடுவான். அவள் போய் உட்காருவாள்.

"ஏத்தியாச்சா?"

"ஆச்சு."

அவன் கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள். அவர்களுக்குள் இருந்த பேச்சே அதுதான். அந்த ஒரு சொல்லுக்காகப் பகல் முழுவதும் காத்திருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த இஞ்சின் சீக்கிரம் எழும்பிவிடக் கூடாதே என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். நினைத்தது யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் அவள் நம்பினாள்…

ஒரு வெள்ளிக்கிழமை. "ஏத்தியாச்சா?" என்றான். அவள் வாயைத் திறக்குமுன்னால், "ஆச்சு."

அவன் சுற்றினான். நல்லவேளை, கம்பி மேலேதான் இருந்தது.

மதினி விளக்கைச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று உலகம்மாள் வீட்டுக்குள் போனாள். வீடு இருட்டாகக் கிடந்தது. தங்கபுஷ்பம் கொல்லையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"நான் எப்ப ஏட்டி ஆச்சுன்னேன்? நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். விளக்கு இன்னும் ஏத்தவே இல்லையே."

புருஷனிடம் சொன்னாள். "நீதான சொன்ன," என்றான். "உன் சத்தம் எனக்குத் தெரியாதா?"

தெரியுமா? ஐந்து வருஷம் கேட்காத சத்தம். அன்றைக்கு இரவு பாயில் படுத்துக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு" என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தன் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் கம்பியை உச்சியில் தள்ளி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்ரோல் வாசனை. மண்ணெண்ணெய் வாசனை. அதற்குள்ளே எங்கிருந்தோ ஈரச் சீயக்காய். அன்றைக்கு அவள் தலைக்குக் குளிக்கவில்லை.

"ஏத்தியாச்சா?"

டிக்…

கம்பி அசைந்தது. அவள் முழுப்பலத்தோடு மேலே தள்ளினாள். டிக்… டிக்… அவள் கைக்கு அடியில் இன்னொரு கை இருந்தது. தண்ணீரில் நெடுநேரம் ஊறின விரல்களைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி. "இல்ல" என்று கத்தவேண்டும். ஒரு சொல்தான். வாயைத் திறந்தாள்.

டிக்.

அவள் காதோரத்திலிருந்து, அவள் குரலிலேயே, நிதானமாக, "ஆச்சு."

அவளுடைய மற்றொரு கை தானாகப் போய் இஞ்சினுக்கு நெருப்பு கொடுக்கிற ஸ்விட்சை அணைத்தது. அதே நொடியில் அவன் சுற்றினான். ஹேண்டில் வெறுமனே கடகடவென்று சுற்றி நின்றது.

"ஸ்விட்ச எதுக்கு அணைச்ச?"

"கம்பி கீழ கிடக்கு. வந்து பாருங்க."

வந்து பார்த்தான். அடிமட்டத்தில் கிடந்தது. "பின்ன ஏன் ஆச்சுன்ன?"

"நான் சொல்லல."

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எம்மேல அம்புட்டு கோவமா ஏட்டி?" என்று மெதுவாகக் கேட்டான்.

கோபமா? அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது. நிறையவே இருந்தது. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறானே என்கிற கோபம். அந்தக் கோபம்தான் குரல் எடுத்துப் பேசியதோ? அந்தக் கை அவளுடைய கைதானோ? இல்லை என்று சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் அவளால் முடிந்திருக்காது.

ஆனாலும் ஒரு யோசனை தோன்றியது. அந்த வீட்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மதினிக்கும் அவள் 'ஏட்டி', புருஷனுக்கும் 'ஏட்டி'. அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது எதுவோ, அதற்கு அவள் பேர் தெரியாது.

"இனிமே என் பேரச் சொல்லிக் கேளுங்க. பேரச் சொல்லாம கேட்டா யாரு ஆச்சுன்னாலும் சுத்தாதீங்க."

அவன் என்ன நினைத்தானோ. மறுநாள் பானட்டுக்கு அப்பாலிருந்து அவன் கனைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, கூச்சத்தோடு வந்தது.

"உலகு… ஏத்தியாச்சா?"

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேர். அவள் கண் நிறைந்துவிட்டது. கம்பி அசையவில்லை. சீயக்காய் வாசனை இல்லை. பக்கத்தில் ஏதோ மூச்சை அடக்கிக்கொண்டு உற்றுக் கேட்கிற மாதிரி ஒரு அமைதி, அவ்வளவுதான்.

"ஆச்சு," என்றாள்.

இஞ்சின் எழும்பிவிட்டது. கொட்டகை அதிர்ந்தது. கொட்டாங்கச்சிகளெல்லாம் ஆடின. தங்கபுஷ்பம் ஓடிவந்து, "கூரையப் பிரிச்சிராதலே!" என்று கத்தினாள். புகைக்கு நடுவில் சங்கரபாண்டி சின்னப்பையன் மாதிரி நின்றான்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பேர் சொல்லிக் கேட்டான். தினமும் அவள்தான் பதில் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சநாள் போனால் பிள்ளையைப் பற்றி அவனே கேட்பான் என்றுகூட நினைத்தாள்.

காருக்குப் புதுக் கூரை தைக்க ஒரு நாள் தென்காசிக்குப் போனாள். அடுத்த வீட்டு மாட்டுவண்டியில் போய், கித்தானைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். கொட்டகைக் கதவு திறந்துகிடந்தது. உள்ளே கார் இல்லை.

விளக்கோடு வாசலுக்கு வந்த தங்கபுஷ்பம் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"ஏட்டி… நீ எப்ப இறங்குன?"

"தென்காசியில இருந்து இப்பத்தான் வாரேன் மதினி."

"விளையாடாத. இப்பத்தான தம்பிகூட வண்டியில போன? அவன் 'உலகு, ஏத்தியாச்சா'ன்னு கேட்டான். நீ ஆச்சுன்ன. நான் அடுப்படியில இருந்து கேட்டேன்."

சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தாள். 

உலகம்மாள் ரோட்டைப் பார்த்து நின்றாள். அந்தப் பேரை வெளியே எடுத்துக் கொடுத்தது அவள்தான். அதுவும் பொழுது சாய்கிற நேரத்தில், தினமும், கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அது கற்றுக்கொண்டது… வண்டி எங்கே கவிழ்ந்து கிடக்கிறதோ. குளத்துக்குள் இறங்கிவிட்டதோ. வண்டிக்குப் பிரேக் போட்டானா? போட்டான், புதிதாகப் போட்டான், அவள்தான் விளக்குப் பிடித்தாள். இருட்டிவிட்டது. தவளைச் சத்தம். குளத்துப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று.

அப்புறம் தூரத்தில் இஞ்சின் சத்தம். இரண்டு மஞ்சள் விளக்குகள். அவளுக்கு உயிர் வந்தது.

வண்டி கிட்டே வரவர இன்னொரு சத்தம் கேட்டது. சங்கரபாண்டி பேசிக்கொண்டு வந்தான். விடாமல் பேசினான், கேட்டான், சிரித்தான், நடுவில் அழுத மாதிரியும் இருந்தது. வாசலில் வந்து நிறுத்தினான். இடப்பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. அவன் இறங்கினான். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பட்டாளத்துக்குப் போகுமுன் இருந்த முகம்.

"அதுக்குள்ள இறங்கிட்டியா?" என்றான். "வழி நெடுக அம்புட்டு பேசுன. இப்ப ஏன் வாயடைச்சுப்போய் நிக்க?"

அவன் பின் சீட்டுப் பக்கம் குனிந்தான். இரண்டு கைகளையும் கொடுத்து எதையோ ஏந்தி எடுத்தான். தலை சாய்ந்துவிடாமல் முழங்கையில் தாங்கி, பிள்ளை தூக்கிப் பழகாதவன் தூக்குகிற மாதிரி, பயந்து பயந்து திரும்பினான். விளக்கு வெளிச்சத்தில் அவன் கைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

"இந்தா, பிள்ளையப் பிடி," என்றான் குரலைத் தாழ்த்தி. "பையப் பிடி. இப்பத்தான் தூங்குனா."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். படியில் இருந்த தங்கபுஷ்பம் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்று சைகை காட்டினாள். உலகம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் கைகளை நீட்டினாள்.

கனம் இருந்தது.