கெபித் தண்ணீர்

சத்தம் போட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதனால் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், புகழேந்தி சார். தண்ணீர் இலாகா அதிகாரி என்றால் வாசலிலேயேதான் உட்கார வேண்டும் என்றில்லை. எழுதிக்கொள்ளுங்கள். 'ஈவ்லின்' என்பதற்கு ஈ நெடில்.

சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். காலையில் நான் மைதானத்தில் வந்து நின்றால் காக்கைகூட வரிசையாக உட்காரும். ஓய்வு பெற்ற மறுநாள் வழக்கம்போல எழுந்து வாசலுக்கு வந்தேன். பால்காரர் மட்டும் இருந்தார். அவரும் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். என் கணவர் ஹென்றி நல்ல மனிதர்தான். ஆனால் ஒரே ஆளை வைத்து வரிசை அமைக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் இலாகா, எங்கள் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள், இனி அனுமதியில்லாமல் யாரும் போர் போடக் கூடாது என்று அறிவித்தது. தெருக்காரர்கள் கூடி ஒரு தண்ணீர்க் குழு வைத்து என்னைத் தலைவியாக்கினார்கள். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போடலாம் என்று விதி செய்தேன். நியாயமான விதி. ஒருவரும் மதிக்கவில்லை. எதிர்வீட்டு வைதேகி நட்ட நடு மத்தியானத்தில் ஹோஸ் பிடித்துக் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"நீங்கதான் ரிடையர் ஆயிட்டேளே மிஸ்," என்றார் சிரித்துக்கொண்டே. "ஆத்துல நிம்மதியா ரெஸ்ட் எடுத்துக்கோங்கோளேன்."

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே போர் லாரியைக் கூப்பிட்டிருப்பேன். அடுத்த வாரம்தான் கூப்பிட்டேன்.

லாரி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மழைநீரைப் பூமிக்குள் இறக்குவதற்கான குழாய் என்று சொன்னேன். தலைவியே முன்மாதிரியாக இருக்கிறார் என்று கைதட்டினார்கள். குழாய் போட்டது உண்மை. அதில் தண்ணீர் மேலே வருமா கீழே போகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெருவிலேயே ஆழமான போர் அதுதான்.

அதன்மேல் கல்லை அடுக்கிக் குகை மாதிரி மாதாவுக்கு ஒரு கெபி கட்டினேன். மாதாவின் காலடியில் எப்போதும் தண்ணீர் விழும்படி செய்தேன். உள்ளே ஓடும் மோட்டாரால் கல்லில் மெல்லிய அதிர்வு இருக்கும். மீன் விற்கும் தேவானை ஒருநாள் கல்லில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மிஸ்ஸம்மா, உள்ள யாரோ ஜெபம் பண்ணிக்கினு கீறாங்க."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லையா என்று ஹென்றி கேட்டார். பாவம் என்று தோன்றினால்தானே சாமியாரிடம் சொல்ல வேண்டும்?

கோடையில் முதலில் வைதேகியின் போர் வற்றியது. பிறகு ஒவ்வொரு வீடாக வற்றியது. கடல் பக்கத்தில் நல்ல தண்ணீரை எடுக்க எடுக்க உப்புத் தண்ணீர் உள்ளே வரும். முனையில் சேட்டு வைத்திருந்த டீக்கடையில் டீ கரித்தது. அவர் சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தார். பிறகு அது லெமன் டீ என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் அனுமதியில்லாமல் இன்னும் ஆழமாகப் போர் போட்டார். விதி விதிதானே. நான்தான் உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். நீங்கள் வந்து சீல் வைத்தீர்கள். சேட்டு கடையை மூடிவிட்டுத் திருவான்மியூரில் யாரிடமோ டீ மாஸ்டராகச் சேர்ந்துவிட்டார். நல்ல மனிதர். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

என் கெபியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு தெருவே குடத்தோடு என் வாசலுக்கு வந்தது. முதல் நாள் தள்ளுமுள்ளு. இரண்டாம் நாள் உயர வரிசைப்படி நிற்க வைத்தேன். பேசுகிறவர்கள் கடைசிக்குப் போக வேண்டும். குடம் தேய்க்காமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வைதேகி உயரம் குறைவு என்பதால் முன்னால் நிற்பார். "குட் மார்னிங், மிஸ்" என்று மற்றவர்கள் தொடங்குவதற்கு முன்பே அவர் தொடங்கிவிடுவார். நன்றாக முன்னேறிவிட்டார்.

பிறகு ஐப்பசியில் மழை கொட்டியது. எல்லார் போரிலும் தண்ணீர் ஏறியது. வரிசையில் ஆள் குறைந்தது. ஒருநாள் காலையில் தேவானை மட்டும் வந்தாள். அவளும் தண்ணீருக்கு வரவில்லை, மெழுகுவர்த்தி ஏற்ற வந்தாள்.

அன்று முதல் மோட்டாரை நிறுத்தவேயில்லை. குழாயைப் பின்பக்கமாக இழுத்து மழைநீர் வடிகாலில் விட்டேன். அது நேரே கடலுக்குப் போய்விடும்.

"வெளியே மழை பெய்யுது ஈவ்லின்," என்றார் ஹென்றி. "உள்ளே எதுக்கு மோட்டார்?"

"ஒழுங்கு ஒருநாள் விட்டால் போய்விடும், ஹென்றி" என்றேன்.

பொங்கலுக்குள் எல்லார் வீட்டுப் போரும் மறுபடி வற்றிவிட்டது. வரிசை பழையபடி சேட்டு கடை வரைக்கும் நின்றது. ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள். தெருத் தண்ணீரைக் கடலில் கொட்டியது நான்தான். வேறு யாரையும் இதில் சேர்க்க வேண்டாம். ஹென்றி சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை.

மாசி வெயிலில் வடிகாலில் தெளிந்த தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டே என் பின்வாசல் வரைக்கும் வந்தீர்கள். கெட்டிக்காரர். நேற்று கெபிக் கல்லைப் பெயர்க்கும்போது தேவானை குறுக்கே படுத்துக்கொண்டாள். "மாதா மேல கைய வெச்சா உன் கை வெளங்காது நைனா" என்று உங்களைப் பார்த்துச் சொன்னாள். பிறகு உள்ளேயிருந்து மோட்டார் வந்தது. அவள் எழுந்து அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வைதேகி கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று காலை நான் வழக்கம்போல வாசலில் போய் நின்றேன். ஒருவரும் வரவில்லை. தெருவே கோபத்தில் இருக்கிறது, இனி யாரும் நம் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்கிறார் ஹென்றி. அவருக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்று சனிக்கிழமை, லீவு.